முழங்காலுக்குக் கீழே

உவர்த்திட்டு வீடுகளுக்குள் தண்ணீர் வந்த வருஷம் மழையும் பெய்யவில்லை, கடலும் கரையேறவில்லை. மாசி மாதத்து விடியற்காலையில், உப்பளத்துக்குப் போகவேண்டியவர்கள் படுத்திருந்த பாயோடு மிதந்துகொண்டு கண்விழித்தார்கள், அவ்வளவுதான். சுயம்பு எழுந்து நின்றபோது தண்ணீர் அவர் முழங்காலுக்கு மேலே நின்றது. கதவைத் திறந்தார். வாசற்படியில் கண்ணாடிப் பலகை வைத்து அடைத்ததுபோல் தண்ணீர் அங்கேயே நின்றுகொண்டது, ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை. தெருவில் எப்போதும்போல உப்புப் புழுதி பறந்தது. எதிர்வீட்டு ராசக்கிளி தன் வாசலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல எம்புட்டு?" என்று கேட்டாள்.

"தொடைக்கு வருது."

"நல்லாத்தான் இருக்கீய" என்றாள் ராசக்கிளி. பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்திகளில் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். தண்ணீர் வந்ததற்காக அளத்து முதலாளி ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அது என்ன தண்ணீர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் தேவைப்படவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கி அரிசிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியது, அரிசி தீரத்தீரப் பழையபடி ஏறியது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வீட்டில் ஒரே மூச்சில் ஒரு சாண் ஏறியது. கடைக்காரர் தவசிலிங்கம் வீட்டில் கணுக்காலளவு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் குளிர்ச்சியாக இருப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லித் திரிந்தார். மெயின்ரோட்டில் இருந்த அளத்து முதலாளியின் மாடிவீடு மட்டும் காய்ந்து கிடந்தது. இறைத்து ஊற்றினாலும் பயனில்லை. வாசலைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் இல்லாமல் போய்விடும், வீட்டுக்குள் அளவு மாறாது. குடித்தால் தாகம் அடங்காது. அதில் மீன் உயிரோடு இருக்காது. கொசு மட்டும் முட்டையிட்டது.

வெளியே படுத்துப் பார்த்தவர்களும் உண்டு. கடற்கரை மணலில் குடும்பத்தோடு போய்ப் படுத்தார்கள், விடிந்து பார்த்தால் அவர்களைச் சுற்றி மட்டும் வட்டமாக, வீட்டில் இருந்த அதே அளவுக்குத் தண்ணீர் நின்றது. சுவரும் கூரையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே உலையில் சோறு தின்கிறவர்கள் எங்கே சேர்ந்து கிடக்கிறார்களோ அதுதான் அதற்கு வீடு. அப்படி ஒரே வீடாக எண்ணினாலும் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடும் நடுவீட்டைவிட, பானையைச் சுரண்டிவிட்டுப் பெண்கள் கடைசியாகச் சாப்பிடும் அடுப்படி மூலையில் நாலு விரற்கடை கூடுதலாகவே நின்றது. பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஆண்களும் பார்த்தார்கள். அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

மனுஷர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள். அடுப்பைக் கல் அடுக்கி உயர்த்தினார்கள், அரிசிப்பானையை உத்தரத்தில் தொங்கவிட்டார்கள், தவழ்கிற பிள்ளைகளைத் தூளியிலேயே போட்டு வளர்த்தார்கள். கோபம் வந்தால் "போளா, கழுத்தளவுக்காரி" என்று திட்டிக்கொண்டார்கள். பெண்பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் ஈரத்தடம் எதுவரை இருக்கிறது என்று பார்த்தார்கள். அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. விருந்தாள் வருகிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் அரிசி, பாத்திரம், பால், சீனி என்று இருப்பதையெல்லாம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சொந்தமா இரவலா என்று தண்ணீர் கேட்பதில்லை, உள்ளே வந்த பொருளுக்குத் தக்கபடி இறங்கிக் கொடுத்துவிடும். விருந்தாள் காய்ந்த தரையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். போனதும் பொருளெல்லாம் திரும்பிப் போகும், தண்ணீர் திரும்பி வரும். தவசிலிங்கம் கடையில் இருந்த நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிதான் இதில் பெரிய சாமான். அது உள்ளே வந்தாலே ஒரு விரற்கடை இறங்கும்.

சுயம்புவின் வீட்டில் இரண்டே பேர். அவர் மனைவி அன்னப்பழம் முந்தின வருஷம் தலையில் உப்புப் பெட்டியோடு வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள், எலும்பு கூடவில்லை. நார்க்கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார் சுயம்பு. அதற்குமேல் அடுக்கினால் ஆடியது. தண்ணீர் கட்டில் நாரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சில நாள் அவள் முதுகு நனைந்துவிடும். சாயங்காலம் வந்ததும் அவளைப் புரட்டி, பழைய வேட்டியால் முதுகைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்.

"ஊரெல்லாம் நின்னுக்கிட்டு நனையுது, நான் படுத்துக்கிட்டு நனையுதேன். ராணி மாதிரி" என்பாள் அன்னப்பழம்.

இந்தச் சமயத்தில்தான் தண்ணீரை அளக்க அரசாங்கம் ஆள் அனுப்பப்போகிறது என்று சேதி வந்தது. தலைநகரத்தில் பெரியவர்கள் கூடி இரவு பகலாகப் பேசினார்களாம். கணுக்காலளவு நின்றால் ஏழை என்றார் ஒருவர், நாடே ஏழையாகிவிடும் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். இடுப்பளவு என்றார் இன்னொருவர், அவ்வளவு கல்நெஞ்சம் வேண்டாம் என்று அவரையும் தடுத்தார்கள். கடைசியில் முழங்கால் என்று முடிவாயிற்று. யாருடைய முழங்கால் என்ற கேள்வி வந்தபோது, அங்கே காப்பி கொண்டுவந்த ஆளை நிற்கவைத்து அளந்துகொண்டார்கள் என்று தவசிலிங்கம் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த அளவில் கம்பு செய்து, முழங்கால் உயரத்தில் சிவப்புப் பட்டை அடித்து, ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் சிவப்புப் பட்டையைத் தாண்டிய வீடுகளுக்கு மாதாமாதம் அரிசியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆள் உயர இரும்புக் கட்டிலும் உண்டு.

"படுத்தே கெடக்குறவளுக்கு முழங்கால் எங்க இருக்குன்னு அவிய கிட்ட கேளுங்களேன்" என்றாள் அன்னப்பழம்.

சுயம்பு சிரிக்கவில்லை. அவருக்கு அந்த இரும்புக் கட்டில் வேண்டும். ஐப்பசியில் மழை விழுந்தால் பாத்திகள் கரைந்துபோகும், தை முடியும்வரை அளத்தில் வேலை கிடையாது, அப்போது தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைப் போன மழைக்காலத்துக் கடனை வைத்து அவரால் கணக்குப்போட முடிந்தது. இப்போது பங்குனி, அளத்தில் வேலை முழுமூச்சாக நடக்கிற மாதம், வீடுகளில் தண்ணீர் மிகக் குறைவாக நிற்கக்கூடிய மாதமும் அதுதான். இருந்தும் அவர் வீட்டில் சிவப்புப் பட்டைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஒரு விரற்கடை போதும்.

ஊராரை அவர்தான் கடைவாசலில் கூட்டினார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை என்பதால் எல்லோரும் வந்தார்கள்.

"அளக்க வாற அன்னைக்கு ஒருத்தர் வீட்டுலயிருந்து ஒருத்தர் ஒரு கரண்டிகூட வாங்கக்கூடாது" என்றார். "வாறவிய ஈரத்துலயே நிக்கட்டும். நாம எப்படி இருக்கமோ அப்படியே பாத்துட்டுப் போகட்டும்."

"என் நாற்காலி?" என்றார் தவசிலிங்கம்.

"அது கடையைவிட்டு எறங்கக்கூடாது."

"நல்லதாப் போச்சு. இதுவரைக்கும் அது எங்கூட இருந்ததைவிட ஊர் மேய்ஞ்சதுதான் அதிகம்."

எல்லோரும் சத்தியம்போலத் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். கொடும் பசியிலும் ஒற்றுமையாக இருந்துவிட்டோம் என்ற நிறைவு சுயம்புவுக்கு இருந்தது.

அளக்க வந்தது ஒரு பெண். பெயர் நித்யகலா. பஸ் நிறுத்தத்திலிருந்து கொதிக்கிற வெயிலில் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு, செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேடிட்ட வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்துவந்தாள். ஏழாம் மாதத்து வளையல்கள் இரண்டு கையிலும் குலுங்கின. தெருமுனையில் நின்று மூச்சு வாங்கினாள்.

தெருவே அவளைப் பார்த்தது. பார்த்த கணத்திலேயே எல்லாம் கெட்டுப்போயிற்று என்பது சுயம்புவுக்குத் தெரிந்தது. வாசல்தேடி வந்த பிள்ளைத்தாச்சியை நிற்கவைத்து, வெறும்வாயோடு திருப்பி அனுப்பிய வீடு அந்தத் திட்டில் அதுவரை ஒன்றுகூட இல்லை.

முதல் வீட்டிலேயே நீல நாற்காலி வந்துவிட்டது. யார் போய் எடுத்தார்கள் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தவசிலிங்கம் கடைக்குள் திரும்பிநின்று புளி நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டிலிருந்து பால் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து சீனி, ராசக்கிளி தன் மகள் சடங்குக்கு வைத்திருந்த வெள்ளித்தம்ளரைக் கொண்டுவந்தாள். தண்ணீர் இறங்கியது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வாய் பால் குடித்து, கம்பை நட்டுப் பார்த்து, எழுதிக்கொண்டாள். அவள் அடுத்த வீட்டுப் படியேறுவதற்குள் நாற்காலியும் பாலும் சீனியும் வெள்ளித்தம்ளரும் கொல்லைப்புறமாக ஓடி அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அந்த வீட்டிலும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, வந்தவளுக்கு வழிவிட்டது. இப்படி வீடுவீடாக அவள் வரவர, அவளுக்கு முன்னால் ஊர் தன் இல்லாமையை அள்ளி ஒளித்துக்கொண்டே வந்தது.

சுயம்பு தன் வீட்டு வாசலில் நின்றார். கொல்லைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். அந்தப் பக்கம் ராசக்கிளி கதவைத் தட்டினாள். அவர் திறக்கவில்லை.

"வா தாயி. உள்ள தண்ணி நிக்கும், பாத்து வா" என்றார்.

நித்யகலா சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தொட்டதும் அவள் முகம் சுளித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஒண்ணுமில்லய்யா, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. ஒரு நிமிஷம்."

கட்டிலில் கிடந்த அன்னப்பழம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வளையல்களைப் பார்த்தாள். "எத்தனாவது மாசம்மா?"

"எட்டு பொறக்கப்போகுதும்மா."

"வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?"

"அவரும் அளக்குற வேலைதான். வேற மாவட்டம்."

அன்னப்பழம் புருஷனைப் பார்த்தாள். "என்ன, கேக்கீயளா? புள்ளத்தாச்சி நிக்கா."

"அளந்துட்டு உடனே போயிருவா" என்றார் சுயம்பு.

"கதவைத் தொறங்க."

"அன்னப்பழம்."

"எனக்குக் குடுத்துவைக்கல, ஒண்ணு பெத்து வளக்க. வந்தவளையாவது நிக்கவச்சு அனுப்பாதீய. கதவைத் தொறங்கன்னுதானே சொல்லுதேன்."

 சுயம்பு தண்ணீரைத் துழாவி நடந்துபோய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். ஊர் காத்துக்கொண்டிருந்தது. நாற்காலி வந்தது, பால் வந்தது, வெள்ளித்தம்ளர் வந்தது. இது படுத்திருக்கிறவள் வீடாயிற்றே என்று ராசக்கிளி கூடுதலாகத் தன் அரிசிப்பானையையும் தூக்கி வந்திருந்தாள். தண்ணீர் சுவரில் ஈரத்தடத்தை விட்டுவிட்டு, சத்தமில்லாமல், சிவப்புப் பட்டைக்குக் கீழே இறங்கி நின்றது.

நித்யகலா பாலைக் குடித்தாள். தம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் ஒரே தம்ளர் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சுவரில் பளபளத்த ஈரத்தையும் பார்த்தாள்.

"இப்பத்தானேய்யா இறங்குச்சு? சுவத்துல இருக்குறதை எழுத எனக்கு இடம் கிடையாது. கம்பு நட்ட நேரத்துல என்ன நிக்குதோ அதைத்தான் எழுதணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு செய்யலாம். நான் எந்திரிச்சுக்குறேன். நாற்காலி, அரிசி எல்லாத்தையும் வெளிய வச்சிடுங்க. தண்ணி ஏறினதும் மறுபடி அளக்குறேன்."

சுயம்பு நாற்காலியை நோக்கி ஓரடி வைத்தார்.

"உக்காந்தவளை எழுப்பிவிட்டுட்டா கட்டில் வாங்கணும்?" என்றாள் அன்னப்பழம். அவள் குரல் உயரவே இல்லை. "அந்தக் கட்டில்ல எனக்கு உறக்கம் வராது. நீ எழுதிக்கோ தாயி."

நித்யகலா சுயம்புவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டாள்.

உவர்த்திட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிற வீடு ஒன்றுகூட இல்லை என்று வைகாசியில் அறிவிப்பு வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊருக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். தவசிலிங்கம் அதைக் கடையில் மாட்டிவைத்தார், சாம்பிராணிப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில்.

ஐப்பசி பிறந்தது. மழை விழுந்தது. பாத்திகள் சேறாயின. வீடுகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சுயம்பு கட்டில் காலுக்கு இன்னும் செங்கல் அடுக்கினார், கட்டில் ஆட ஆட உப்புச் சாக்குகளில் மண் நிரப்பி முட்டுக்கொடுத்தார். ஒரு நாள் ராசக்கிளி வந்து, "மதினியை எங்க வீட்டுக்குத் தூக்கியாங்க, எங்க சோத்துலயே திங்கட்டும்" என்றாள். தூக்கிக்கொண்டு போனார். இவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்த அன்றைக்கே ராசக்கிளி வீட்டுத் தண்ணீர் அவள் சின்ன மகளின் நெஞ்சுக்கு ஏறியது. அந்தப் பிள்ளை குதிகாலை உயர்த்தி நின்றுகொண்டு சாப்பிட்டது. அன்னப்பழம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைத் தொடவில்லை.

"என்னைக் கொண்டுபோயிருங்க" என்றாள்.

கொண்டுவந்தார். மறுநாள் அவள் காதுமடலைத் தண்ணீர் தொட்டது. தலைக்குத் துணிமூட்டை வைத்து உயர்த்தினார். "இப்பமும் ராணிதான், நாலு தலகாணி" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். டவுன் அலுவலகத்துக்குப் போய் மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்டு வருவதாகச் சொன்னார்.

"போயிட்டு வாங்க. குடை எடுத்துட்டுப் போங்க. அங்க போய்ச் சத்தம் போடாதீய, அந்தப் பொண்ணு பேரைச் சொல்லாதீய. பச்சைப்புள்ளக்காரி, வேலைக்கு ஏதும் ஆயிறக்கூடாது."

அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகவே பேசினார். உவர்த்திட்டு காய்ந்த ஊர் என்றார். வருஷத்துக்கு ஒருமுறைதான் அளவு, இனிமேல் பங்குனியில்தான் என்றார். மழைக்காலத்தில் அளந்தால் எல்லார் வீட்டிலும்தான் தண்ணீர் இருக்கும், அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று கேட்டார். சுயம்பு சத்தம் போடவில்லை. பெயரைச் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது பகல்தான், மழைப்பகல். ராசக்கிளி வீட்டாரும் மற்றவர்களும் நிவாரணக் கஞ்சி வாங்கச் சாலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தார். தண்ணீர்மட்டத்தில் அன்னப்பழத்தின் தலைமுடி விரிந்து, எண்ணெய் மினுங்க, மிதந்துகொண்டிருந்தது. அவள் முகம் அதற்குக் கீழே, கண் திறந்து, ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறவள்போல இருந்தது. மூட்டைத்துணியில் ஒன்று அவிழ்ந்து கதவுப்பக்கம் வந்து நின்றது. அவர் அதை எடுத்துப் பிழிந்தார். பிழிந்து, உதறி, கொடியில் காயப்போட்டார். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சு நிறையத் தண்ணீர் இருக்கிறதே, எந்தக் குளத்தில் விழுந்தாள் என்று கேட்டார்கள். வீட்டில் என்றார். அவர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது காய்ந்த ஊர் என்று போட்டிருக்கிறதே என்றார்கள். கடைசியில் முதுமை என்று எழுதினார்கள். அவள் சாகும்போது தலையில் ஒரு நரைகூட இல்லை.

அவளை அடக்கம்பண்ணிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது தண்ணீர் தொடையளவுக்கு இறங்கியிருந்தது. சோற்றுக்கு ஒரு வாய் குறைந்துவிட்டது, மருந்துச் செலவு இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. மழை நின்று, தை கழிந்து, அளத்தில் வேலை தொடங்கியதும் முழங்காலுக்குக் கீழே வந்தது. பக்கத்துவீட்டுச் சாமான் ஒன்றுகூட உள்ளே வராமல், தானாகவே வந்தது.

பங்குனியில் நித்யகலா மறுபடி வந்தாள். ஒரு தோளில் கம்பு, இன்னொரு தோளில் பிள்ளை. இந்தத் தடவை நாற்காலி அவளுக்கு முன்னால் ஓடவில்லை. வீடுகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தன, யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பல வீடுகளில் அவள் சிவப்புப் பட்டைக்கு மேலே எழுதிக்கொண்டு வந்தாள். சுயம்புவின் வீட்டில் இறங்கிக் கம்பை நட்டாள். நடும்போதே வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா?"

"ஐப்பசியில."

அவள் கம்பைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் பட்டைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. போன வருஷம் எழுதியதைவிடவும் குறைவு. இந்த மாதிரி வீடுகளுக்கு எழுத வேறு ஒரு கட்டம் இருந்தது, முன்னேறிய வீடு என்று. அவள் பேனாவை எடுக்கவில்லை.

"ஆள் குறைஞ்சா தண்ணி குறையும் தாயி. என்ன நிக்குதோ அதை எழுதிக்கோ" என்றார் சுயம்பு.

அவள் எழுதினாள். கம்பை எடுத்து உறைக்குள் போட்டாள். தோளில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. சுயம்பு உத்தரத்தில் தொங்கிய டப்பாவை இறக்கினார். அதில் இருந்ததெல்லாம் அடியில் ஒட்டிய கொஞ்சம் சீனிதான். விரலால் சுரண்டி எடுத்து, முதன்முதலாக வீட்டுக்கு வந்த பிள்ளையின் நாக்கில் தடவினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுச் சப்புக்கொட்டியது.

"என்ன பேர் வச்சிருக்கே?"

நித்யகலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் கீழே போயிற்று. சுயம்புவும் பார்த்தார். தண்ணீர் ஒரு விரற்கடை, பிறகு இன்னொரு விரற்கடை, அவருடைய முழங்காலை மூடிக்கொண்டு ஏறியது.

"வெயில் ஏறுறதுக்குள்ள பொறப்படு தாயி, புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவர் காலி டப்பாவை மூடி, பழையபடி உத்தரத்தில் தொங்கவிட்டார்.